செல் பட்ட தழும்பில் தோல் புற்றுநோய்: புரோத்தன் கதிருக்காகக் காணியை ஈடு வைக்கலாமா?

கேள்வி இதுதான். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு குடும்பம். தகப்பனுக்கு 61 வயது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செல் (எறிகணை) பட்டு எரிந்த இடது காலில், முழங்காலுக்குக் கீழே பெரிய தழும்பு. அதில் ஒன்றரை வருடமாக ஒரு புண் ஆறவில்லை. பயொப்சி றிப்போட் ‘ஸ்குவாமஸ் செல் காசினோமா’ என்று, அதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் என்று, வந்திருக்கிறது. வெட்டி எடுத்துத் தோல் ஒட்டலாம் என்று வைத்தியசாலையில் சொல்லிவிட்டார்கள். லண்டனில் இருக்கும் மாமாவோ, “வெட்ட விடாதையுங்கோ, சென்னையில புரோத்தன் கதிர் இருக்கு, பக்கவிளைவே இல்லை” என்கிறார். பாதிக் காசு அவர் போடுவார். மீதிக்கு வயற்காணியை ஈடு வைக்க வேண்டும். வைக்கலாமா?

வேண்டாம். இந்தக் காலுக்கு வேண்டாம். மாமா சொல்வது, புரோத்தன் என்ற அணுத்துகள்களைப் பாய்ச்சிக் கட்டியை அழிக்கும் கதிர்ச் சிகிச்சை. அது பொய்யான சிகிச்சை அல்ல, நல்ல சிகிச்சைதான். ஆனால் அது வேறு இடத்து நோய்க்கு உரியது. ஏன் என்று விளங்கிக்கொண்டால், அவருக்கும் தொலைபேசியில் நீங்களே சொல்லிவிடலாம்.

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் சாதாரண பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று தரிப்பிடம் தோறும் ஆளை இறக்கிக்கொண்டே போகும். கிளிநொச்சிக்குப் பிறகும் ஓடும். எக்ஸ்ரே வகைக் கதிர் அப்படித்தான். போகும் வழியெல்லாம் சக்தியைக் கொட்டிக்கொண்டு உடம்பின் மறுபக்கத்தால் வெளியேறும். புரோத்தன் வேறு மாதிரி. வழியில் கொஞ்சப் பேரை இறக்கும். மிச்சப் பேரைக் குறித்த இடத்தில் மொத்தமாக இறக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் ஓட்டமே இல்லை. அந்தக் கடைசி இறக்கத்துக்குப் பெயர் பிராக் உச்சம். எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை வேகம் தீர்மானிக்கும். 70 மெகா இலத்திரன்வோல்ற் சக்தியுள்ள புரோத்தன் தண்ணீரில் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் போகும். 230 என்றால் 33 சென்ரிமீற்றர் வரை போகும். மூளைக்கு நடுவிலும், முள்ளந்தண்டுக்கு முன்னாலும், சின்னப் பிள்ளைகளின் உடம்பிலும் இருக்கும் கட்டிகளுக்கு இதனால்தான் இந்த மதிப்பு. கட்டிக்குப் பின்னால் இருக்கும் நல்ல உறுப்பு தப்பிவிடும்.

தோல் எங்கே இருக்கிறது? புறப்படும் இடத்திலேயே. வவுனியா பஸ் நிலையத்திலேயே நிற்கப் போகிறவருக்குச் சொகுசு பஸ்ஸில் ஆசனம் பதிவது எதற்கு?

இன்னும் ஒரு சங்கடம் இருக்கிறது. பல புரோத்தன் இயந்திரங்கள் 70 மெகா இலத்திரன்வோல்ற்றுக்குக் கீழே இறங்கமாட்டா. மேற்பரப்பில் உள்ள நோய்க்குக் கதிரை அங்கேயே நிறுத்த வேண்டுமென்றால், நோயாளிக்கு முன்னால் தடித்த பிளாஸ்ரிக் தட்டு ஒன்றை வைத்து வேகத்தைக் குறைப்பார்கள். அந்தத் தட்டுக்குள்ளால் வரும்போது புரோத்தன்கள் சிதறி, கதிரின் ஓரம் மங்கிவிடும். பென்சில் முனை போல் விழ வேண்டியது மை ஊறிய துணி போல் விழும். தோலின் மேலேயே ஈயத் தகடு வைத்து ஓரம் கட்டிக் கொடுக்கும் பழைய இலத்திரன் கதிர், இந்த ஒரு விடயத்தில் புதிய புரோத்தனைவிடச் சுத்தமாக வேலை செய்யும் சந்தர்ப்பங்கள் உண்டு. “பக்கவிளைவே இல்லை” என்பதும் தோலைப் பொறுத்தவரை தலைகீழ். உயர்சக்தி எக்ஸ்ரே தோலை ஓரளவு விட்டுவைத்து உள்ளே போய்த்தான் உச்சம் தொடும். 6 மெகாவோல்ற் கதிருக்கு அந்த உச்சம் 1.5 சென்ரிமீற்றர் ஆழத்தில். புரோத்தனுக்கு அந்தச் சலுகை கிடையாது. கட்டி தோலுக்குக் கிட்ட இருந்தால் தோல் முழு அளவையும் வாங்கும். சிவந்து, உரிந்து, நீர் வடியும்.

ஆகவே, தோல் புற்றுநோய்க்கு ஊரில் ‘கரண்ட் பிடிப்பது’ என்று சொல்லும் கதிர்ச் சிகிச்சை தேவைப்பட்டாலும் பெரும்பாலும் போதுமானவை மூன்று: 50 முதல் 150 கிலோவோல்ற் வரையான மேலோட்ட எக்ஸ்ரே, இலத்திரன் கதிர், தோலோடு ஒட்டி வைக்கும் கிட்டக்கதிர். இலத்திரனுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. சக்தியை இரண்டால் வகுத்தால் அது எத்தனை சென்ரிமீற்றரில் நிற்கும் என்பது வரும். மூன்றே கால் அளவில் வகுத்தால் 90 வீத அளவு கிடைக்கும் ஆழம் வரும். 9 மெகா இலத்திரன்வோல்ற் என்றால் சுமார் 2.7 சென்ரிமீற்றர் வரை நல்ல அளவு, 4.5 இல் நின்றுவிடும். தோல் கட்டிக்கு இதற்கு மேல் என்ன ஆழம் வேண்டும்? மேற்பரப்பில் அளவு குறையாமல் இருக்க 5 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஜெல் தகடோ மெழுகோ மேலே வைப்பார்கள். இங்கேதான் பிழை வரும். மூக்கோரம், காது மடிப்பு போன்ற மேடுபள்ளங்களில் தகடு சரியாகப் படியாமல் அடியில் காற்று நின்றால், அந்த இடத்துத் தோலுக்கு அளவு குறைந்துவிடும். நோய் திரும்புவதும் அங்கேயேதான். ஒவ்வொரு நாளும் தகடு ஒட்டிப் படிகிறதா என்று பார்ப்பது கதிர் கொடுப்பவரின் வேலை. கூடப் போகிறவர் கேட்டாலும் குற்றமில்லை.

இனி உங்கள் அப்பாவின் கால். எரிந்த தழும்பிலோ ஆறாத பழைய புண்ணிலோ வரும் இந்தப் புற்றுநோய்க்கு மார்ஜோலின் புண் என்று பெயர். 1828 இல் இத்தகைய புண்களை எழுதிவைத்த பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர் அது. காயம் பட்டதற்கும் புற்றுநோய் தலைகாட்டுவதற்கும் இடையில் சராசரியாக 30 வருடம் வரை போகும். கணக்குப் பாருங்கள். தொண்ணூறுகளில் எரிந்த கால்களும் முதுகுகளும் இப்போதுதான் அந்த எல்லைக்கு வருகின்றன. 2009 இல் காயப்பட்டவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று யாரும் இருந்துவிடக் கூடாது. சிலருக்கு முன்னதாகவும் வரும். வெயிலால் வரும் ஸ்குவாமஸ் புற்றுநோயைவிட இது முரடு. நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவும் வாய்ப்புக் கூட.

தழும்புக்குள் இரத்த ஓட்டம் குறைவு, ஒட்சிசன் குறைவு. கதிர் வேலை செய்வதற்கு ஒட்சிசன் வேண்டும். முழங்காலுக்குக் கீழே தோல் எப்போதுமே மெதுவாக ஆறும் இடம். அங்கே கதிர் கொடுத்தால் கட்டி போனாலும் கதிர்ப்புண் மாதக்கணக்கில் நிற்கலாம். எனவே முதற் சிகிச்சை கத்திதான். சுற்றிவர 2 சென்ரிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்து, ஆழத்தில் தசையின் உறை வரை எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவது வழமை. எலும்புக்குள் இறங்கியிருந்தால் காலை எடுக்க வேண்டி வரலாம். கேட்கக் கசப்பான பேச்சுத்தான். ஆனால் எலும்புக்குள் இறங்கியதை எந்தக் கதிராலும், புரோத்தனாலும், கழுவிவிட முடியாது. அப்படி நேர்ந்தால் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் செயற்கைக்கால் பொருத்தி நடந்து திரிபவர்கள் வன்னியில் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒப்பரேசனுக்கு முன்பு சில விடயங்களை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பயொப்சி புண்ணின் நடுவிலிருந்தா விளிம்பிலிருந்தா எடுக்கப்பட்டது? நடுவில் செத்த சதைதான் இருக்கும். உருண்டு தடித்த விளிம்பிலிருந்து, நல்ல தோலையும் சேர்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் எடுத்ததே நம்பத்தக்கது. சில வேளை ‘புற்றுநோய் இல்லை, மேல்தோல் மிகைவளர்ச்சி’ என்று றிப்போட் வரும். பழைய புண்ணின் ஓரம் மைக்ரோஸ்கோப்பில் புற்றுநோய் போலவே தெரிவதும், புற்றுநோய் வெறும் வளர்ச்சி போலத் தெரிவதும் உண்டு. புண் தொடர்ந்து பெருத்தால் ஆழமாக இன்னொரு பயொப்சி கேட்க வேண்டும். உங்களுக்கு விடை ஏற்கெனவே வந்துவிட்டது. அந்தத் தாளில் நான்கு விடயம் இருக்கிறதா பாருங்கள்: எவ்வளவு முற்றிய வகை, எத்தனை மில்லிமீற்றர் ஆழம், நரம்பைச் சுற்றிப் பரவியிருக்கிறதா, இரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் போயிருக்கிறதா. இடுப்பு மடிப்பை டொக்டர் கையால் தடவிப் பார்த்து, கட்டி பட்டால் அல்ட்ராசவுண்ட் வைத்து ஊசியால் உறிஞ்சிச் சோதிப்பார். காலுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே, நெஞ்சுக்கு ஒரு ஸ்கான்.

எக்ஸ்ரே பற்றி வன்னிக்கே உரிய ஒரு விடயம். உடம்பில் பீஸ் கிடக்கிறதா? செல்லடித்த நாட்களில் எடுக்காமல் விட்ட துண்டுகள் பலருக்கு இன்னும் உள்ளே இருக்கின்றன. முப்பது வருடம் போனதால் சொல்லவே மறந்துவிடுகிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது இதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இரும்புத் துண்டு அந்தக் காந்தத்தில் அசையலாம், சுடலாம். கண்ணுக்குள், முள்ளந்தண்டுக்குக் கிட்ட, பெரிய இரத்தக் குழாயோரம் இருந்தால் ஆபத்து. சந்தேகம் என்றால் முதலில் சாதாரண எக்ஸ்ரேயில் தேடிப்பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

புரோத்தனுக்கும் இந்தப் பீஸ் பெரிய தலையிடி. புரோத்தன் எங்கே நிற்கும் என்பதைச் சீ.ரி. ஸ்கான் படத்தின் கறுப்பு வெள்ளை அளவிலிருந்துதான் கணக்கிடுவார்கள். உலோகத்தைச் சுற்றிப் படத்தில் வெள்ளைக் கீறுகள் சிதறும்; கணக்குக் குழம்பும். அதோடு, இரும்பு புரோத்தனைத் தண்ணீரைவிட ஐந்து மடங்குக்கு மேல் வேகமாக நிறுத்தும். வழியில் 5 மில்லிமீற்றர் பீஸ் ஒன்று நின்றால், அதற்குப் பின்னால் போகும் கதிர் 2 சென்ரிமீற்றருக்கு மேல் முன்னதாகவே நின்றுவிடும். கட்டி அந்த 2 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் அதற்குக் கதிரே சேராது. எக்ஸ்ரேக் கதிரில் அதே பீஸ் ஒரு நிழல் விழுத்தும், அவ்வளவுதான். உலோகம் இல்லாத உடம்பிலேயே புரோத்தன் கணக்கில் 3.5 வீதமும் மேலும் ஒன்றிரண்டு மில்லிமீற்றரும் பிழைக்கென்று ஒதுக்குவது வழமை. தலையிலோ கழுத்திலோ பீஸ் உள்ள ஒருவர் புரோத்தனுக்குப் போவதானால், அதைத் திட்டம் போடும் பௌதிகவியலாளரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். அவர் அந்தப் பாதையைத் தவிர்த்து வேறு கோணத்தால் கதிரை விடுவார்.

சரி, எந்தத் தோல் புற்றுநோய்க்குப் புரோத்தன் பெறுமதி? சில சந்தர்ப்பங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. எல்லாமே தலை, முகம் சார்ந்தவை.

முதலாவதும் முக்கியமானதும், நரம்பு வழியாக ஏறும் நோய். கன்னத்திலோ நெற்றியிலோ இருந்த ஸ்குவாமஸ் புற்றுநோய் சிலருக்கு முகத்து நரம்பைப் பிடித்துக்கொண்டு, கொடி கம்பில் ஏறுவது போல் மண்டையோட்டின் அடிவரை ஏறிவிடும். எறும்பு ஊருவது போல் இருக்கும், விறைக்கும், ஒரு பக்க வாய் கோணும், இமை மூட வராது. வெளியில் புண் ஆறியிருக்கும். உள்ளே நோய் ஏறிக்கொண்டிருக்கும். ஆளைப் பார்த்துப் பாரிசவாதம் என்று எண்ணெய் தேய்க்கிறவர்களும் உண்டு. மண்டையோட்டின் அடியில் மூளைத்தண்டும் பார்வை நரம்பும் சில மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கின்றன. அந்த இடத்துக்கு 60, 66 கிரே (கிரே என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு) கொடுத்துவிட்டு அவற்றைக் காப்பாற்றுவது என்றால் புரோத்தனின் ‘நின்றுவிடும்’ குணம் காசுக்குப் பெறுமதி.

அடுத்தது, கண்குழிக்குள் இறங்கிய கட்டி. கண்ணை எடுக்காமல் முயல்வதற்கு. அதற்கடுத்தது, ஏற்கெனவே முழு அளவு கதிர் பிடித்த இடத்தில் நோய் திரும்பி வந்து, மறுபடியும் கதிர் கொடுக்க வேண்டிய நிலை. முதல் முறை வாங்கிய அளவை முள்ளந்தண்டு வடம் முழுதாக மறக்காது. இரண்டாம் முறை அதற்குக் கிடைப்பதைக் கிட்டத்தட்ட இல்லாமலாக்க வேண்டும். காதுக்கு முன்னாலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் நிணநீர்க் கட்டிகளுக்கு ஒரு பக்கமாகக் கதிர் கொடுக்கும்போது வாயும் நாக்கும் மறுபக்கச் சுரப்பியும் தப்பும் என்பதும் ஒரு நன்மை. ஆனால் நவீன எக்ஸ்ரே முறையிலும் அதில் பெரும் பகுதியைச் சாதிக்கலாம். இதற்காகக் காணி விற்பது சரியென்று சொல்ல மாட்டேன்.

கண்ணுக்குள் வரும் மெலனோமா தனிக்கதை. தோலின் நிறச்செல்லில் வருகிற அதே இன நோய் விழிக்குள் வரும்போது புரோத்தன் பல நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. சுவிற்சர்லாந்தின் பவுல் ஷெரர் நிறுவனத்தில் 1984 இலிருந்து செய்கிறார்கள். விழியின் வெளிச்சுவரில் குண்டூசித் தலை போன்ற தந்தாலம் உலோக வில்லைகளைத் தைத்து அடையாளம் வைத்து, நோயாளி ஒரு சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க, பெரும்பாலும் 4 தடவையில் 60 கிரே. கண்ணுக்குள்ளிருக்கும் கட்டி பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அடங்கிவிடுகிறது. இதைப் பற்றிய செய்தி ஒன்றைப் படித்துவிட்டுத்தான் ‘மெலனோமாவுக்குப் புரோத்தன்’ என்று பலர் தோலுக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். தோல் மெலனோமாவுக்கு முதற் சிகிச்சை வெட்டுவதுதான்: தடிப்பு 1 மில்லிமீற்றர் வரை என்றால் சுற்றிவர 1 சென்ரிமீற்றர், 2 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் 2 சென்ரிமீற்றர். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் அது முகத்தைவிட உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவது கூட. வெறுங்காலோடு வயலில் நிற்பவர் காலடியில் கருமையைப் பார்த்துச் சேற்றுக்கறை என்று விடுவார். பெருவிரல் நகத்தில் கறுப்புக் கோடு அகன்று நகத்தைச் சுற்றிய தோலுக்கும் பரவினால் அது அடிபட்ட இரத்தம் அல்ல. அடிபட்டது நகத்தோடு வளர்ந்து வெளியேறிவிடும்.

இடையில் ஒன்று. வன்னிக் காட்டோரத்தில் முகத்திலோ கையிலோ ஆறாத, வலியில்லாத புண் என்றால் அது புற்றுநோயாகவே இருக்க வேண்டியதில்லை. மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாப் புண்ணும் அப்படித்தான் இருக்கும். தோல் கிளினிக்கில் சுரண்டி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு மருந்து வேறு.

இலங்கையில் புரோத்தன் இயந்திரம் இல்லை. வன்னியிலிருந்து கதிர்ச் சிகிச்சைக்கு அனுப்பப்படுபவர்கள் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோதான் போகிறார்கள். அரச வைத்தியசாலை என்பதால் காசில்லை. புரோத்தனுக்குக் கிட்டிய இடம் சென்னை தரமணியில் அப்பல்லோ 2019 சனவரியில் தொடங்கிய நிலையம். தெற்காசியாவில் முதலாவது அதுதான். 2023 இலிருந்து நவி மும்பையில் டாட்டா நினைவு மையமும் செய்கிறது. செலவு பல இலட்சம் இந்திய ரூபாய். சில இடங்களில் உள்ள முடுக்கி இயந்திரம் மட்டுமே 200 தொன்னுக்கு மேல். கதிரை நோயாளியைச் சுற்றித் திருப்பும் சட்டகம் ஒரு மாடிக் கட்டடத்தை விட உயரம். அந்தக் காசெல்லாம் கட்டணத்தில்தான் வந்து சேரும்.

மாமா கேட்கமாட்டார் என்றால், சண்டை போட வேண்டாம். பயணம் போகாமலே சென்னை டொக்டரின் கருத்தைக் கேட்கலாம். பயொப்சி றிப்போட்டின் தெளிவான பிரதி, ஸ்கானின் சீடி, கிளினிக் கொப்பியின் பக்கங்கள் மூன்றும் வேண்டும். பிலிமை வெளிச்சத்தில் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பும் படம் பிரயோசனமில்லை. அதிலிருந்து ஒரு மில்லிமீற்றர்கூட அளக்க முடியாது. மறுபரிசோதனை கேட்டால், சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடுகளும் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும். டொக்டரின் கடிதத்தோடு கேட்டால் தருவார்கள்.

அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “சாதாரண எக்ஸ்ரேக் கதிரோடு ஒப்பிட்டால் புரோத்தன் எந்த உறுப்பைக் காப்பாற்றும், எத்தனை கிரே குறைக்கும்?” ஒரே ஸ்கானில் இரண்டு திட்டமும் போட்டுக் காட்டக் கேளுங்கள்; அவர்களால் முடியும். பதில் ‘மூளைத்தண்டு’, ‘பார்வை நரம்பு’ என்று உறுப்பின் பெயராக வந்தால் யோசிக்கலாம். ‘புதிய தொழில்நுட்பம்’, ‘துல்லியம்’ என்று வந்தால் அங்கே காப்பாற்ற உறுப்பு இல்லை என்று அர்த்தம். காலில் தோலுக்குப் பின்னால் இருப்பது தசையும் எலும்பும். தோல் புற்றுநோயில் இரண்டு கதிரையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்ட பெரிய ஆய்வும் இல்லை. ஆகவே திட்டப் படத்தில் தெரியும் வித்தியாசம்தான் கையிலிருக்கும் சாட்சி.

முகத்து நரம்பு நோய்க்காக உண்மையிலேயே போகிறவர் இரண்டு மாதம் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். முகத்துக்கு வலைக்கவசம் செய்து, ஸ்கான் எடுத்து, திட்டம் போட ஒன்று இரண்டு வாரம். பிறகு வாரத்தில் ஐந்து நாளாக ஆறு, ஆறரை வாரம். ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் அளவில். இடையில் உடம்பு மெலிந்தாலோ மூக்கடைத்துச் சைனசில் சளி நிறைந்தாலோ புரோத்தன் நிற்கும் இடம் மாறிவிடும். அதனால் நடுவில் மறுபடி ஸ்கான் எடுப்பார்கள். அதற்கும் காசு கேட்பார்கள். முதலிலேயே கேட்டு வையுங்கள். பாதியில் காசு முடிந்து திரும்பி வருவது தொடங்காமல் இருப்பதைவிடக் கேடு. தலை, கழுத்து ஸ்குவாமஸ் புற்றுநோயில் சிகிச்சை நாள் இழுபட இழுபட, நாளுக்கு ஏறத்தாழ ஒரு வீதம் என்ற அளவில் நோய் அடங்கும் வாய்ப்புக் குறைகிறது.

உங்கள் அப்பாவுக்கு இப்போது நாள்தான் பொன். விசாவுக்கும் ஈட்டுக்கும் இரண்டு மாதம் போனால் அந்த இரண்டு மாதமும் கட்டிக்குத்தான் இலாபம். ஒப்பரேசன் திகதியை வாங்குங்கள். அதுவரை புண்ணில் மஞ்சள், வேப்பெண்ணெய், பச்சிலைப் பற்று எதுவும் வேண்டாம். உப்புநீரால் கழுவி, ஒட்டாத மருந்துத் துணி வைத்து, இலையான் மொய்க்காமல் மூடிக் கட்டுங்கள். நாற்றம் இருந்தால் மெற்றோனிடசோல் பூசுவதற்கு டொக்டரிடம் கேளுங்கள், சில நாளில் அடங்கும். வெட்டி எடுத்ததன் றிப்போட்டில் ஓரத்தில் நோய் இருக்கிறது என்றோ இடுப்பு மடிப்புக் கட்டியில் இருக்கிறது என்றோ வந்தால் கதிர் தேவைப்படலாம். அதற்குச் சாதாரண கதிர் இயந்திரமே போதும். தோல் ஒட்டியது பிடித்ததும், ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. ஆகவே றிப்போட் வந்த கிழமையே புற்றுநோய்க் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். அந்தக் காலில் வேறு தழும்பு இருந்தால் அதையும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

மாமா ஒதுக்கிய காசில் ஒரு பங்கு வைத்தியசாலைக்கு அருகில் தங்குவதற்கும், வேலைக்குப் போகாத மாதங்களுக்கும், இன்னொரு பங்கு பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போய்வரும் செலவுக்கும் சரியாக இருக்கும்.